நீங்க போயிட்டு வாங்க

நான் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் போய் போனைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், தண்ணீர் வரவில்லை என்று ஊரே எனக்குச் சொல்லும். தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்கள் கலங்கலாக வருகிறது என்பார்கள். தெளிவாக வந்தால் மெதுவாக வருகிறது என்பார்கள். வேகமாக வந்தால் குழாய் உடைந்துவிட்டது என்பார்கள். தண்ணீர் வருகிறது, நன்றாக இருக்கிறது என்று சொல்ல இத்தனை வருடத்தில் ஒரு ஆள் கூப்பிட்டதில்லை. அதற்கென்று எங்களிடம் பிரிவும் கிடையாது.

என் மேஜைக்கு எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர் தொங்குகிறது. மோட்டார் பம்பு விற்கிற கம்பெனி ஒன்று கொடுத்தது. அந்த வருடம் எப்போதோ முடிந்துபோய், தேதித் தாளெல்லாம் கிழிந்து, மேலே இருக்கும் படம் மட்டும் மிச்சம். அந்தப் புகழ்பெற்ற அருவியின் படம்தான். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பல் டாக்டர் வீட்டுச் சுவரில் பார்த்திருப்பீர்கள், பிஸ்கட் டப்பா மூடியில் பார்த்திருப்பீர்கள். போனில் யாராவது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கும்போது, நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே, "சரிங்க, எந்தத் தெரு, எப்போலேர்ந்து வரலை?" என்பேன். யாரும் போன் போடாமல், யாரும் கத்தாமல், அது பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருக்கும்.

அதை ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும். எனக்கென்று இருந்த ஆசை இது ஒன்றுதான். மாடி வீடு கேட்டேனா, கார் கேட்டேனா? தண்ணீர் விழுவதைப் பார்க்க வேண்டும் என்றேன். அதுவும் ஓசியில் விழுகிற தண்ணீர்.

"காலையில பஸ் ஏறினா பொழுது சாயறதுக்குள்ள போய்ச் சேர்ந்துடலாம். இதுக்குப் போய் ஏன் வருஷக்கணக்கா பொலம்பறே?" என்பாள் பக்கத்து சீட் அக்கா. அவள் எங்கள் வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

நான் வாழ்க்கைப்பட்ட குடும்பம் மிகவும் நல்ல குடும்பம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குறையாகத்தான் சொல்கிறேன். நான் பிறந்த வீட்டில் ஒரு தட்டில் எதை வைத்தாலும் பிடுங்கித் தின்போம். கை மெதுவாக இருக்கிறவன் பட்டினி. இந்த வீட்டில் யாரும் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசி பிஸ்கட் டப்பாவில் கிடந்து நமத்துப்போய், எறும்பு வந்து, அதன் பிறகுதான் அதற்கு விடிவு. எறும்புக்கு இந்த வீட்டு வழக்கம் தெரியாது, பாவம். நல்ல தலையணை ஒன்று இருக்கிறது. ஆளாளுக்கு அடுத்தவர் அறையில் கொண்டுபோய் வைத்து, அது வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருத்தரும் அதில் தலை வைத்ததில்லை. வாசலில் இரண்டு பேர் எதிரெதிரே வந்துவிட்டால் போதும், "நீ போ", "இல்ல, நீ போ" என்று இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். நான் நடுவில் புகுந்து போய்விடுவேன். அதனால் எனக்குக் கொஞ்சம் முரட்டுப் பெண் என்று பெயர்.

என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறார். "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்க ஊராரைக் கேட்கிற மனிதர். அவரிடம் டீயா காபியா என்று கேட்டால், "எது இருக்கோ அது" என்பார். இரண்டும் இருக்கிறது என்றால் தலையைச் சொறிவார். அவர் போட்டிருக்கும் பிரேம், கடையில் யாருமே வாங்காமல் கிடந்த பிரேம். அது அப்படியே கிடக்கிறதே என்று அவருக்கு இரக்கம்.

அவருடைய தங்கை, என் நாத்தனார், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களோடுதான் இருக்கிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டால், மாப்பிள்ளையை வேறு யாருக்காவது விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு பயம்.

இந்த இரண்டு பேரையும் பெற்று இப்படி வளர்த்தவர் என் மாமியார். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். ஒரு மாணவர் விடுதியில் சமையல் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தனை பிள்ளைகளும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சம் இருந்தால் நின்றுகொண்டே சாப்பிட்டுப் பழகியவர். ஓய்வு பெற்ற பிறகும் உட்காரவில்லை.

இப்போது அருவிக்கு வருவோம். ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறை நெருங்கும்போது நான் பேச்சை எடுப்பேன். எல்லோருக்கும் முகம் மலரும். போகலாம், போகலாம் என்பார்கள். என் வீட்டுக்காரர் லாட்ஜ் விசாரிப்பார். டீச்சர் வரைபடத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வழி பார்ப்பாள். அத்தை அலமாரியைத் திறந்து திறந்து மூடுவார். ஒரு வாரம் வீடே களைகட்டும். அப்புறம் ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் அத்தை மெதுவாக ஆரம்பிப்பார்.

"எனக்கு முழங்கால் சரியில்ல. உங்களுக்கெல்லாம் என்னால தொந்தரவு. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

வீட்டை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று எனக்கு வாய் வரைக்கும் வரும். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம் என்று சும்மா இருப்பேன்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது? அண்ணா, நீயும் அண்ணியும் போயிட்டு வாங்க" என்பாள் டீச்சர்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கும்போது நான் மட்டும் போய் என்னத்தைப் பாக்கறது?" என்பார் என் வீட்டுக்காரர். பிறகு என் பக்கம் திரும்பி, "உனக்கு ஆசையா இருந்தா நீ போயிட்டு வாயேன்" என்பார்.

அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருக்கிறது. "நீங்க யாரும் வராம நான் மட்டும் எதுக்கு? அடுத்த வருஷம் எல்லாருமா போகலாம்." அதை நான் சொல்லுவேன். உடனே மூன்று பேருக்கும் மனசு நிறைந்துவிடும். எல்லோரும் எல்லோருக்காகவும் விட்டுக்கொடுத்தாயிற்று. அருவி மட்டும் அங்கேயே இருக்கும். நான் மறுநாள் ஆபீஸ் போய்க் காலண்டரைப் பார்ப்பேன்.

இந்த வருடமும் அதே மேஜை, அதே நாற்காலி. அத்தைக்கு முழங்கால் சரியில்லை. டீச்சர் அம்மாவை விட்டுப் போக மாட்டாள். என் வீட்டுக்காரர் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்த்து, "உனக்கு ஆசையா இருந்தா நீ போயிட்டு வாயேன்" என்றார்.

அன்றைக்கு ஆபீஸில் ஒரு ஆள் என்னை மதியம் முழுக்க வறுத்தெடுத்திருந்தான். தொண்டைத் தண்ணீர் வற்றப் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் பார்த்தால் அவன் வீட்டுக் குழாயை அவனே திறக்கவில்லை. அந்தக் கடுப்போ என்னவோ.

"சரி" என்றேன்.

என் வீட்டுக்காரர் கையில் ரொட்டி அப்படியே நின்றது. இந்தப் பேச்சில் அப்படி ஒரு பதில் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. டீச்சர் மெதுவாக, "சரின்னா?" என்றாள்.

"சரின்னா சரி. நான் போயிட்டு வரேன்."

"தனியாவா?"

"நீங்கதானே யாரும் வரலைன்னீங்க."

"நாங்க வரலைன்னு சொல்லலையே. நீங்க போங்கன்னுதானே சொன்னோம்" என்றார் என் வீட்டுக்காரர். அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எனக்குப் போகணும். ஆசையா இருக்கு. ஆசையா இருக்குன்னு சொல்றதுல என்ன தப்பு? காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தண்ணி வரலை, தண்ணி வரலைன்னு என் காதுல ஊரே அழுவுது. தண்ணி வருதுன்னு சொல்ல இத்தனை வருஷத்துல ஒரு நாதி கூப்பிட்டதில்ல. வர்ற இடத்தை நான் ஒரு தடவை என் கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்." சொல்லிவிட்டு அழுதுவிடுவேனோ என்று பயந்து, டப்பாவைத் திறந்து கடைசி பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அண்ணனும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். அத்தை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

மறுநாளே ஆபீஸுக்குப் போகும் வழியில் ஒரே ஒரு டிக்கெட் எடுத்துவிட்டேன். எடுக்காவிட்டால் நான் மனசு மாறிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூன்று பேரும் அன்பாக இருக்க ஆரம்பித்தார்கள். என் வீட்டுக்காரர் தன்னுடைய புது கேன்வாஸ் ஷூவைக் கொண்டுவந்து என் பையில் வைத்தார். "பாறையெல்லாம் வழுக்கும். எனக்கு இங்க என்ன பாறையா இருக்கு?" என்றார். என் கால் அதில் நீச்சலடிக்கும் என்று சொன்னேன். துணியை அடைத்துக்கொள்ளலாம் என்று துணியும் கொடுத்தார். டீச்சர் தன் மழைக்கோட்டைக் கொடுத்தாள். "நான் நனைஞ்சா பரவாயில்ல அண்ணி" என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பார்த்தால், வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்த அந்த நல்ல தலையணை என் பைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அத்தை, பையைச் சரியாக அடுக்கித் தருகிறேன் என்று தானே வாங்கி வைத்துக்கொண்டார். அடுக்கும்போது கேட்டார்.

"அங்க படி நிறைய இருக்குமா?"

"இருக்குமாம் அத்தை. ஆனா ரெண்டு பக்கமும் கைப்பிடி போட்டிருக்காங்களாம். நடுநடுவுல உக்கார பெஞ்சு கூட இருக்காம்."

"உனக்காகத்தான் கேட்டேன்" என்றார்.

"நீங்களும் வாங்களேன் அத்தை."

"எனக்கெதுக்கும்மா? நீ போயிட்டு வா."

நானும் விட்டுவிட்டேன். எங்கள் ஆபீஸில் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கச் சொல்லித்தான் பயிற்சி கொடுப்பார்கள். சுத்தமாக வரவில்லையா, கொஞ்சமாக வருகிறதா, வந்து நின்றுவிட்டதா என்று கேட்டால்தான் எங்கே அடைப்பு என்று தெரியும். முதல் பதிலில் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். ஊராரை நான் மூன்று விதமாகக் கேட்பேன். வீட்டுக்கு வந்தால் வாய் ஓய்ந்துபோயிருக்கும்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் எனக்கு உள்ளுக்குள் ஆட்டம் கண்டுவிட்டது. மூன்று முகமும் அவ்வளவு சாந்தமாக இருந்தன. இவர்களை விட்டுவிட்டு நான் மட்டும் போய் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்க்கப் போகிறேனா, இது என்ன பிறவி என்று தோன்றியது. டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்று போனைக்கூட எடுத்தேன். பஸ் கம்பெனிக்காரர்கள் போனை எடுக்கவே இல்லை. அவர்களுடைய புகார்ப் பிரிவு எப்படி இருக்கிறது பாருங்கள். அதற்கும் ஒருநாள் உள்ளுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன், அது வேறு விஷயம்.

காலையில் மூன்று பேரும் பஸ் நிலையத்துக்கு வழியனுப்ப வந்தார்கள். பையை என் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டார், அவரிடமிருந்து டீச்சர் வாங்கிக்கொண்டாள், அவளிடமிருந்து அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குள் என் பஸ் வந்து நின்றுவிட்டது. நான் ஏறி என் சீட்டில் உட்கார்ந்தேன். ஜன்னல் ஓரம். வழி முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டு வாங்கிய சீட். பக்கத்து சீட் காலி. பின்னாலும் காலி. விடுமுறை இன்னும் சூடு பிடிக்கவில்லை.

கண்டக்டர் கீழே நின்ற மூவரையும் பார்த்தார். "யார் வரீங்க, யார் வழியனுப்ப வந்தீங்க? சீட்டெல்லாம் காலியாத்தான் இருக்கு. ஏறுறதுன்னா இப்பவே ஏறுங்க, கிளம்பப் போறோம்."

என் வீட்டுக்காரர் தங்கையைப் பார்த்தார். "நீ ஏறிக்கோ. அண்ணிக்குத் துணையாப் போ."

"நீ போண்ணா. புருஷன் நீ இருக்கும்போது நான் எதுக்கு?"

"உனக்கு லீவுதானே. நான் அம்மாவைப் பாத்துக்கறேன்."

"நீதான் இத்தனை வருஷம் லாட்ஜ் லாட்ஜா விசாரிச்சே. நான் அம்மாவைப் பாத்துக்கறேன்."

"சொன்னாக் கேளு, ஏறு."

"நீ முதல்ல ஏறு."

இது முடிகிற பேச்சு இல்லை என்று எனக்குத் தெரியும். நான் ஜன்னல் வழியாக அத்தையைப் பார்த்தேன். அத்தை அவர்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. பஸ்ஸின் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை உயரம் என்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. டிரைவர் இன்ஜினைப் போட்டுவிட்டார். நான் தலையை வெளியே நீட்டி, என் ஆபீஸ் குரலில் கேட்டேன்.

"அத்தை! உங்களுக்கு வர விருப்பம் இல்லையா? இல்ல, முழங்கால் வலிக்குதா? இல்ல, யாரும் உங்களைச் சரியா கூப்பிடலையா?"

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"மூணாவது" என்றார்.

"அப்போ நான் கூப்பிடறேன். வாங்க."

முழங்கால் சரியில்லாத பெண்மணி அவ்வளவு வேகமாகப் படி ஏறி நான் பார்த்ததில்லை. கண்டக்டர் கை கொடுக்க வந்தார். அந்தக் கையைத் தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவு மூடிக்கொண்டது. கீழே அண்ணனும் தங்கையும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. பஸ் நகர்ந்தபோதுதான் இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா நின்ற இடத்தில் அம்மா இல்லை. என் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கையை மட்டும் பாதி தூக்கி ஆட்டினார்.

அத்தை என் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"உக்காருங்க அத்தை."

"நவுரு. ஜன்னல் பக்கம் நான் உக்காந்துக்கறேன்."

இந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அவர் வாயிலிருந்து எனக்கு வேண்டும் என்கிற வார்த்தையை நான் கேட்டதே இல்லை. கேட்டு வாங்கிய ஜன்னலை எழுந்து கொடுத்தேன். கொடுக்கும்போது எனக்கு வலிக்கவே இல்லை. விட்டுக்கொடுப்பது ஒன்று, கேட்கிறவருக்குக் கொடுப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. வேண்டும் என்று கேட்கிற ஒருவருக்குக் கொடுப்பதில் என்ன சந்தோஷம் இருக்கிறது!

ஊர் தாண்டியதும்தான் எனக்கு உறைத்தது. "அத்தை, உங்களுக்கு மாத்துப் புடவை கூட இல்லையே. கட்டின புடவையோட வந்துட்டீங்களே."

அத்தை வெளியே பார்த்துக்கொண்டே, "பைக்கு அடியில பாரு" என்றார்.

பையை இழுத்துத் திறந்தேன். தலையணை, அதற்குக் கீழே ஷூ, மழைக்கோட்டு. என் துணிகளுக்கெல்லாம் அடியில், பழைய துண்டில் சுற்றி, அத்தையின் புடவை இரண்டு. முழங்காலுக்குத் தடவுகிற தைலம். அவருடைய சீப்பு.

"யாராவது கூப்பிட்டா இருக்கட்டுமேன்னு வெச்சேன்" என்றார்.

"கூப்பிடலைன்னா?"

"நீ திரும்பி வந்ததும் எடுத்து வெச்சுப்பேன். ஒவ்வொரு வருஷமும் வெக்கறதுதான். சாப்பிடும்போது நான் சொல்லுவேனே, நீங்க போயிட்டு வாங்கன்னு. அப்போ யாராவது, நீங்க இல்லாமலா, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாப்பேன். அவ எனக்காக விட்டுக் குடுப்பா. அவன் அவளுக்காக விட்டுக் குடுப்பான். நீ அவனுக்காக விட்டுக் குடுப்பே. என்னை யாரும் கூப்பிட மாட்டீங்க. மறுநாள் எடுத்து அலமாரியில வெச்சுடுவேன்."

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. விடுதியில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னார். எங்கே அடைப்பு என்று ஊருக்கெல்லாம் கண்டுபிடித்துச் சொல்கிறவள் நான். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்தார். காற்று வேண்டுமாம்.

லாட்ஜுக்குப் போய்ச் சேர்ந்ததும் என் வீட்டுக்காரர் போன் செய்தார். அம்மா நன்றாக இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார், நல்ல தலையணையில் படுத்திருக்கிறார் என்றேன். பிறகு, "இங்க புதுசா ஒரு கேக் வாங்கினோம். கடைசித் துண்டு ஒண்ணு இருக்கு. நான் அவளைச் சாப்பிடச் சொல்றேன், அவ என்னைச் சாப்பிடச் சொல்றா" என்றார். அத்தை என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"ரெண்டாக் கிள்ளி ஆளுக்குப் பாதி வாயில போடுங்கடா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த யோசனை இதுவரை அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. இத்தனைக்கும் கணக்கு டீச்சர் ஒருத்தி இருக்கிறாள்.

காலையில் அருவிக்குப் போனோம். படிகள் நிறையத்தான் இருந்தன. கைப்பிடியும் இருந்தது, பெஞ்சும் இருந்தது. அத்தை எந்த பெஞ்சையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எழுந்து, அடுத்ததை நோக்கி நடந்தார். என் வீட்டுக்காரரின் ஷூவில் துணி அடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சரின் மழைக்கோட்டும் அவர் மேல்தான். பிள்ளைகள் கொடுத்ததெல்லாம் கடைசியில் அம்மாவுக்கு உதவியது. எனக்குக் குடை கூட இல்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் முகத்தில் ஈரம். கடைசிப் படியில், கம்பி வேலிக்கு முன்னால் பெரிய கூட்டம். எல்லோரும் போனை உயரத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்கள் முதுகுதான் தெரிந்தது. கொஞ்சம் பொறுப்போம், அவர்கள் பார்த்துவிட்டு நகரட்டும் என்று நான் நின்றேன். எனக்கும் அந்த வீட்டு வியாதி ஒட்டிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது. அத்தை நிற்கவில்லை.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா. நாங்க இதைப் பாக்கத்தான் வந்திருக்கோம்" என்று முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனார். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். இரண்டு பேரும் வேலியை ஒட்டி நின்றோம்.

காலண்டரில் இருந்தது இது இல்லை. அதே அருவிதான், ஆனால் படத்தில் அது ஒரு கதவு அளவுக்கு இருந்தது. இங்கே வானத்திலிருந்து ஆரம்பித்து என் காலுக்குக் கீழே எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. நிற்கவே இல்லை. ஒரு மூச்சு விடுவதற்குக்கூட நிற்கவில்லை. யார் கேட்டார்கள் இவ்வளவு தண்ணீரை? நான் என்னையறியாமல், எங்கேயாவது வால்வு போய்விட்டதோ என்று மேலே பார்த்தேன். இத்தனை வருடப் பழக்கம்.

அத்தை இடுப்பிலிருந்து தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"ஹலோ! தண்ணி ஆபீஸா?"

எனக்குப் புரியவில்லை. அத்தை முழங்கையால் என்னை இடித்தார். வீட்டு போனைக்கூட நான் ஆபீஸ் ஞாபகத்தில் எப்படி எடுப்பேன் என்று அவருக்குத் தெரியும். வாய் தன்னால் சொன்னது.

"வணக்கம், குடிநீர்ப் புகார்ப் பிரிவு, சொல்லுங்க."

"இங்க தண்ணி வருதும்மா!"

"எந்தத் தெரு?"

"தெருவெல்லாம் இல்ல. மேலேர்ந்து வருது."

"எப்போலேர்ந்து வருது?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடிலேர்ந்தே வருதாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"கலங்கலா வருதா?"

"இல்லம்மா. நல்லா வருது. ரொம்ப நல்லா வருது. யாருமே உனக்குச் சொல்லலைன்னியே, அதான் போன் பண்ணேன்."

அடுத்து நான் சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது: "உங்க புகாரைப் பதிவு பண்ணிக்கிட்டேங்க." வராத தண்ணீருக்கு நாள் முழுக்க அதைத்தான் சொல்லுகிறேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. சாரல் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம், நான் அப்படிச் சொல்லப் போவதில்லை. அழுதேன். வேலியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேருக்கு நடுவில், குழந்தை மாதிரி அழுதேன்.

அத்தை கண்ணாடிக் கூட்டைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"ஹலோ? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன் அத்தை" என்றேன்.